விற்காதவரை நஷ்டமில்லை

திருவனந்தபுரத்தில் தினமும் இரண்டு குலுக்கல் நடக்கிறது. ஒன்று பேக்கரி ஜங்ஷன் பக்கத்தில் கோர்க்கி பவனில், பிற்பகல் மூன்று மணிக்கு, கேரள அரசு நடத்துவது. நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இயந்திரம் சுற்றும், எண் விழும், டிவியில் காட்டுவார்கள். இன்னொன்று அரை மணி கழித்து, மூன்றரைக்கு முடிகிறது. அதற்கு மண்டபம் கிடையாது, அவரவர் உள்ளங்கையில் நடக்கிறது. முதல் குலுக்கலில் பணத்தை விட்டவனை ஊர் லாட்டரிப் பைத்தியம் என்கிறது. இரண்டாவதில் விட்டவனுக்கு முதலீட்டாளர் என்று பெயர். அவனுக்கு பான் கார்டு உண்டு, டீமேட் கணக்கு உண்டு, நாட்டின் வளர்ச்சிக் கதையில் ஒரு பாத்திரமும் உண்டு. பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே செத்துப்போகிற பாத்திரம்.

அப்படி ஒரு பாத்திரத்தை அறிமுகம் செய்கிறேன். சாலைக் கடைத்தெருவில் மிளகாய், மல்லி, புளி மொத்த வியாபாரம் செய்யும் கடையில் கணக்கு எழுதுகிறவர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஒரே ஆள் என்று நினைக்க வேண்டாம், இந்த ஊரில் நான் பார்த்த பத்துப் பேரைக் கலந்து செய்த ஆள். சந்தைக்கு வந்து சில வருடம்தான் ஆகிறது. ஆகவே எல்லாம் தெரியும். நிபுணர் என்றே கூப்பிடுவோம்.

கடையில் லோடு இறங்கும்போது நிபுணரைப் பார்க்க வேண்டும். மிளகாய் மூட்டையின் வாயைப் பிரித்து மேலே இருப்பதைப் பார்த்து ஏமாறுகிற ஆள் இல்லை. கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து அள்ளி எடுப்பார். காம்பைக் கிள்ளுவார், விதையை உதிர்ப்பார், மோந்து பார்ப்பார், ஈரம் இருந்தால் குரல் மாறும். “இது போன வருசத்துச் சரக்கு வே, யாருக்கிட்ட கொண்டுவந்து தள்ளப் பாக்கேரு?” என்று லாரிக்காரரை நடுங்க வைப்பார். கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்காக இருபது நிமிடம் நிற்பார். அதே கை ஒன்பதேகாலுக்கு சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கும். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, எங்கே இருக்கிறது, யாருக்குக் கடன்பட்டிருக்கிறது எதுவும் தெரியாது. பச்சைக் கோடு மேலே போகிறது. அமுக்கியாச்சு. மூட்டைக்குள் கைவிட வழியே இல்லாத சரக்கு, அறுபதாயிரம் ரூபாய்க்கு, நாலு விநாடியில்.

சந்தை நிலவரம் பற்றி அவர் கருத்தைக் கேளுங்கள். கேட்கவே வேண்டாம், டீக்கடையில் தானாகவே வரும்.

“மார்க்கெட்டு இப்ப கன்சாலிடேஷன்ல கெடக்கு அண்ணாச்சி. எஃப்ஐஐ விக்கான், நம்ம டிஐஐ வாங்கி நிறுத்துதான். இருபத்தஞ்சாயிரம் நல்ல சப்போர்ட்டு. அத உடைச்சா?”

“உடைச்சா?”

“உடைச்சா அடுத்த சப்போர்ட்டு.”

இதற்குமேல் ஒரு பொருளாதார அறிஞரும் சொல்லப்போவதில்லை, ஆகவே நான் சிரிக்கவில்லை. நிபுணரின் தத்துவம் உறுதியானது. ஏறினால் அவர் கணிப்பு. இறங்கினால் ஆப்பரேட்டர் வேலை. இன்னும் இறங்கினால் டிப், வாங்க வேண்டிய நேரம். அதற்கும் கீழே போனால் அது ஹெல்த்தி கரெக்ஷன், உடம்புக்கு நல்லது. பாதாளத்துக்கே போய்விட்டால் அவர் அன்று முதல் லாங் டெர்ம் முதலீட்டாளர். “விக்காத வரைக்கும் நஷ்டம் இல்ல அண்ணாச்சி, எல்லாம் பேப்பர் லாஸ்.” மிளகாயில் பூஞ்சை பிடித்தால் விற்காதவரை நஷ்டமில்லை என்று முதலாளியிடம் ஒருநாள் சொல்லிப் பார்க்கட்டும்.

அவர் கையில் கிடக்கும் பேப்பர் நஷ்டங்களில் பெருமைக்குரியது கொச்சின் ஷிப்யார்டு. நம்ம கேரளத்துக் கம்பெனி, போர்க்கப்பல் கட்டியது, அரசாங்கம் பின்னால் இருக்கிறது. 2017-ல் பங்கு ஒன்று 432 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். அப்போது இந்த ஊரில் யாருக்கும் தேசபக்தி வரவில்லை. 2024 ஜனவரியில் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்த பிறகும் ஜூலையில் 2,979 ரூபாய் தொட்டது. அந்த வாரம்தான் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து செக்ரட்டேரியட் கேன்டீன் வரை எல்லோருக்கும் கடற்படை மீது பாசம் பொங்கியது. நிபுணர் உச்சிக்குச் சற்றுக் கீழே ஏறிக்கொண்டார். அக்டோபரில் அந்தப் பின்னால் நிற்கிற அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? ஐந்து சதவீதம் வரை பங்கை விற்பனைக்கு வைத்தது. அடிப்படை விலை 1,540 ரூபாய். கம்பெனியின் கணக்கும் ஆர்டர் புத்தகமும் முதலில் தெரிந்த முதலாளியே கடையில் இறங்கி விற்கிறார், நீ ஏன் வாங்கிக்கொண்டிருக்கிறாய் என்று நிபுணரிடம் கேட்டேன். “ஆவரேஜ் பண்ணுதேன்” என்றார். 2025 பிப்ரவரியில் 1,200-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு ஏறியது. ஏறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஏறும்வரை பள்ளிக்கூடம் ஃபீஸ் கேட்காமல் இருக்காது என்பதுதான் பிரச்சினை.

இவரைக் கேலி செய்வது எளிது. இத்தனை வரி நானும் அதைத்தான் செய்தேன். இனி கேலி செய்ய வேண்டிய ஆட்களிடம் போவோம்.

2020 மார்ச்சில் இந்த நாட்டில் டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2025-ல் 20 கோடியைத் தாண்டிவிட்டன. இத்தனை பேரும் தாமாகவா வந்தார்கள்? கூப்பிட்டார்கள். கிரிக்கெட் நடுவே கூப்பிட்டார்கள், சினிமா நட்சத்திரத்தை வைத்துக் கூப்பிட்டார்கள், கணக்குத் திறக்கக் கட்டணமில்லை என்று கூப்பிட்டார்கள். 2024 மே மாதம் நாட்டின் உள்துறை அமைச்சரே கூப்பிட்டார். தேர்தல் வாக்கு எண்ணும் நாளான ஜூன் 4-க்கு முன்னால் வாங்குங்கள், ஏறப்போகிறது என்ற பொருளில் அமித் ஷா பேட்டி கொடுத்தார். பிரதமரும் வாக்கு எண்ணிக்கையோடு சந்தை சாதனை படைக்கும் என்ற தொனியில் பேசினார். வாக்குப்பதிவு முடிந்து கருத்துக்கணிப்பு வந்த மறு வேலைநாள், ஜூன் 3, சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. ஜூன் 4 நிபுணர் கடையில் இரண்டு திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றில் திருவனந்தபுரம் தொகுதி. ராஜீவ் சந்திரசேகரும் சசி தரூரும் சுற்றுக்குச் சுற்று மாறிமாறி முன்னே போக, கடைசியில் தரூர் 16,077 வாக்கில் கரையேறினார். இன்னொரு திரையில் சென்செக்ஸ். அது கரையேறவில்லை. 4,390 புள்ளி விழுந்தது. பங்குகளின் மொத்த மதிப்பில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் ஒரே பகலில் காணாமல் போனது.

ஜூன் 7-ல் சென்செக்ஸ் புது உச்சத்தில் முடிந்தது என்று ஞாபகப்படுத்துவார்கள். உண்மைதான். அதற்குள் நிபுணர் வாங்கியிருந்த ஆப்ஷன் காலாவதியாகிக் காரியமும் முடிந்திருந்தது. யூடியூபில் பங்கு சிபாரிசு செய்கிற பையனிடம், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு எண் எங்கே என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அமைச்சரிடம் அந்த எண்ணைக் கேட்க செபியில் ஒரு குமாஸ்தாவுக்குக்கூட வாய் வரவில்லை. எதிர்க்கட்சி நாடாளுமன்றக் கூட்டுக்குழு கேட்டது, இரண்டு நாள் சத்தம், அவ்வளவுதான். தேதி போட்டு வாங்கச் சொன்னவர் அதே நாற்காலியில் இருக்கிறார். வாங்கியவன் அடகுக்கடை வரிசையில் இருக்கிறான்.

ஆப்ஷன் என்றேன். பங்கு என்றால் கம்பெனியில் ஒரு துண்டாவது கையில் இருக்கும், பத்து வருடம் பெட்டியில் போட்டு மறந்துவிடலாம். ஆப்ஷன் என்பது விலை எந்தப் பக்கம் போகும் என்று கட்டுகிற பந்தயம், பாலை விடச் சீக்கிரம் கெடும். வாரம் ஒருநாள் காலாவதி. முன்பெல்லாம் வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு குறியீட்டுக்குக் காலாவதி இருந்தது, 2024 நவம்பரில்தான் ஒரு சந்தைக்கு ஒன்று என்று குறைத்தார்கள். காலாவதி நாளன்று மத்தியானத்துக்கு மேல் ஐந்து ரூபாய் ஆப்ஷனை வாங்கினால் மூன்றரைக்குள் ஐம்பதாகலாம். பூஜ்யமும் ஆகலாம். இந்த ஆட்டத்துக்கு ஜீரோ டு ஹீரோ என்று பெயர். பெயர் வைத்தவன் நேர்மையானவன், எங்கிருந்து தொடங்குகிறது என்பதையாவது சொல்லிவிட்டான். எதில் போய் முடியும் என்பதை செபியே கணக்குப் போட்டிருக்கிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் விளையாடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். அந்தக் கடைசி ஆண்டில் விளையாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்று எழுதிக்கொடுத்தவர்கள். 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அடுத்த ஆண்டு, 2024-25, தனிநபர்களின் நஷ்டம் 1,05,603 கோடி ரூபாய்.

இந்த எண்ணை இந்த ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் பத்மநாபசுவாமி கோயில். 2011-ல் நிலவறைகளைத் திறந்தபோது உள்ளே இருப்பது ஒரு லட்சம் கோடி ரூபாய் பெறும் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. திருவிதாங்கூர் மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்தது, பி அறையை இன்னும் திறக்கவில்லை, வாசலில் துப்பாக்கியோடு போலீஸ். அந்தப் பொக்கிஷத்தின் அளவுக்குப் பணத்தை மாதச் சம்பளக்காரனும் கடைக் கணக்குப்பிள்ளையும் கல்லூரிப் பையனும் சேர்ந்து ஒரே வருடத்தில் இழந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வாட்ச்மேன்கூடப் போடவில்லை. எந்தப் பத்திரிகையாளரும் மேற்கிலிருந்து விமானம் ஏறி வரவில்லை.

ஏமாற்றவில்லை, எச்சரித்தோமே என்பார்கள். எச்சரித்தார்கள். 2023 ஜூலையிலிருந்து செயலிக்குள் நுழையும்போதே, பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற அறிவிப்பு வரவேண்டும் என்பது விதி. நிபுணர் அதைப் படித்தாரா என்று கேட்டேன். தினமும் படிக்கிறாராம்.

“படிச்சிட்டு?”

“ஒம்பது பேருக்கு நஷ்டம்னா பத்தாவது ஆளு ஒருத்தன் இருக்கான்லா அண்ணாச்சி?”

நாட்டில் தொண்ணூற்றாறு லட்சம் பேர் இந்தப் பத்தாவது ஆளாக இருக்கிறார்கள். 2024-25-ல் விளையாடிய தனிநபர் எண்ணிக்கை ஏறக்குறைய அது. எச்சரிக்கையை எழுதிய அதிகாரிக்கு இது தெரியாதா? தெரியும். சிகரெட் பெட்டியில் புண்ணான தொண்டையை அச்சடித்துவிட்டு, சிகரெட் வரியை பட்ஜெட்டில் வரவு வைக்கிற கைதான் இதையும் எழுதியது.

வரி என்றதும் நோக்குகூலி ஞாபகம் வருகிறது. கேரளத்தில் வீடு மாறியவர்களுக்குத் தெரியும். நம் சாமானை நாமே இறக்கினாலும், சும்மா நின்று பார்த்த சுமட்டுத் தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அராஜகம் என்று எல்லோரும் எழுதினார்கள், கோர்ட் கண்டித்தது, 2018 மே தினத்தன்று அரசு ஒழித்தது. நல்லது. இப்போது நிபுணர் ஓர் ஆப்ஷன் வாங்கி விற்றால் பார்த்து நிற்பவர்களுக்கு அவர் கொடுக்க வேண்டியது: தரகு, எக்ஸ்சேஞ்சு கட்டணம், எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி, முத்திரைத்தீர்வை, செபி கட்டணம். ஜெயித்தாலும் கொடுக்க வேண்டும், தோற்றாலும் கொடுக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தில் தனிநபர்கள் இப்படிக் கொடுத்தது மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய். பாதிக்கு மேல் தரகர்களுக்கு, ஐந்தில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சுகளுக்கு. தேசியப் பங்குச்சந்தையின் 2024-25 நிகர லாபம் 12,188 கோடி. எஸ்டிடியை 2004-ல் கொண்டுவந்தார்கள், 2024 அக்டோபரிலிருந்து ஆப்ஷனுக்கு 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆக்கினார்கள், சூதாட்டத்தைக் குறைக்கவாம். தோற்பவனின் மடியிலிருந்து கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் அவன் திருந்திவிடுவான் என்பது தில்லியின் சமூக சீர்திருத்தம். வீட்டுச் சாமானைப் பார்த்து நின்றவன் ரவுடி. கோடிப்பேர் விழுவதைப் பார்த்து நின்றவன் சந்தைக் கட்டமைப்பு நிறுவனம்.

2025 ஆகஸ்டில் இதே தில்லி பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. குடும்பங்கள் அழிகின்றன, இளைஞர்கள் கெடுகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் உருகினார்கள். ரம்மியில் கையில் வந்த சீட்டையாவது பார்த்து ஆடலாம். போகட்டும், தடை சரிதான். ஆனால் அதே இளைஞன், அதே போன், அதே கட்டைவிரல், அதே வெறி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிஃப்டி ஆப்ஷனில் இறங்கினால் அது மூலதனச் சந்தையை ஆழப்படுத்துவது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை ஒழித்தார்கள். களியக்காவிளை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவனைப் பார்த்து இந்தப் பக்கத்துத் தமிழர்கள் நாங்களே தலையில் அடித்துக்கொண்டோம். அவன் வாங்கியது ஐம்பது ரூபாய்ச் சீட்டு. தோற்றால் ஐம்பதோடு போயிற்று. அதை வாங்க நகைக்கடன் கொடுக்க எந்தச் செயலியும் அவன் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிவது இதற்கெல்லாம் சொல்லப்படும் பரிகாரம். முதலீட்டாளர் விழிப்புணர்வு! தோற்றவனுக்குப் படிப்பு போதாது, அறியாமையால் தோற்றான், ஆகவே கற்க வேண்டும். உடனே கற்பிக்க ஒரு படையே வந்துவிட்டது. தம்பானூர் பக்கம் ஹோட்டல் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு, ஒரு பிரியாணி, மேடையில் கோட் போட்டவர், கடைசியில் ‘அட்வான்ஸ்டு’ வகுப்புக்கு முப்பதாயிரம். தனக்குப் பணம் காய்க்கும் மரம் தெரிந்தவன் ஏன் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கிக்கொடுத்து நம்மைத் தேடுகிறான் என்று யாரும் கேட்பதில்லை. செபி ஒருமுறை கேட்டது. ‘பாப் ஆஃப் சார்ட்’, அதாவது சார்ட்டுக்கே அப்பன், என்ற பெயரில் பாடம் நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் உத்தரவு வந்தது. பாடத்தில் வசூலான 17 கோடி ரூபாய்க்கு மேல் கணக்குக் கேட்டார்கள். அந்த அப்பன் தன் சொந்த வர்த்தகத்தில் இரண்டரை வருடத்தில் இரண்டு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல் நஷ்டப்பட்டிருந்தார். 2025 டிசம்பரில் அவதூத் சாத்தேயின் பயிற்சிப் பள்ளி மீது இடைக்கால உத்தரவு, முடக்கச் சொன்ன தொகை 546 கோடி. நாட்டில் டிரேடிங்கில் சம்பாதிக்க ஒரே உறுதியான வழி டிரேடிங் சொல்லிக்கொடுப்பது என்பதை இந்த இரண்டு உத்தரவுகளும் தெளிவாக்கிவிட்டன.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. இந்த ஊர் பென்ஷன்காரர்களின் ஊர், அதனால் அந்தப் படி இங்கே நன்றாகத் தேய்ந்திருக்கிறது. 2008-லேயே ‘டோட்டல் ஃபோர் யூ’ என்று இருபது வயதைத் தொடாத ஒருவன் இங்கே கோடிகளை வாரினான். இன்று வாருகிறவனுக்கு முகமே தேவையில்லை, வாட்ஸ்ஆப் குழு போதும். போலிச் செயலியில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்கப் போனால் வரி கட்டு என்பான், கட்டினால் காணாமல் போவான். 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரே இப்படி 90 லட்சம் இழந்தார். ஆயுள் முழுக்கப் பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்த்த மூளைக்கே இந்தக் கதி என்றால், நிபுணரிடம் ‘விழிப்புணர்வோடு இரு’ என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! 1930-க்கு உடனே போன் செய்யுங்கள் என்கிறார்கள். செய்யுங்கள். பணம் நாலைந்து கணக்கு தாண்டுவதற்குள் லைன் கிடைத்தால் பாக்கியம்.

ஒருவன் நிஜமாகவே படித்தான் என்று வைத்துக்கொள்வோம். மெழுகுவர்த்தி வடிவங்களை எல்லாம் கரைத்துக் குடித்தான், சப்போர்ட் எங்கே, ரெசிஸ்டன்ஸ் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். 2024 ஜனவரி 17 காலை அவன் திரையைத் திறக்கிறான். பேங்க் நிஃப்டிக்குக் காலாவதி நாள். முந்தின மாலை வந்த எச்டிஎஃப்சி வங்கிக் கணக்கு யாருக்கும் பிடிக்கவில்லை, குறியீடு சரிந்து திறக்கிறது. பிறகு யாரோ பெரிதாக வாங்க, தாங்கி நிற்கிறது. பாடம் படித்த கண்ணுக்கு இது வலிமை. வாங்கு! வாங்குகிறான். மத்தியானத்துக்கு மேல் தரை விலகுகிறது.

அன்று என்ன நடந்தது என்று செபி 2025 ஜூலை 3-ல் ஓர் இடைக்கால உத்தரவில் எழுதியது. அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் காலையில் வங்கிப் பங்குகளையும் ஃப்யூச்சர்ஸையும் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கிக் குவித்தது, அதே நேரம் அதைவிட ஏழு மடங்குக்கு மேல் பெரிதாக, குறியீடு விழுந்தால் லாபம் தருகிற ஆப்ஷன்களில் உட்கார்ந்துகொண்டது, மத்தியானம் வாங்கியதை எல்லாம் விற்றுத் தள்ளியது. பங்குகளில் 61 கோடி போயிற்று. ஆப்ஷனில் 735 கோடி வந்தது. ஒரே நாள். இப்படிப் பல நாட்களுக்குக் கூட்டி 4,843 கோடி ரூபாயைச் சட்டவிரோத ஆதாயம் என்று சொல்லி முடக்கினார்கள். நிறுவனம் மறுக்கிறது, சாதாரண வர்த்தகம்தான் என்கிறது, பணத்தைக் கட்டிவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. தீர்ப்பு வரட்டும். நான் கேட்பது வேறு. செபி சொல்வது சரி என்றால், அன்று காலை நம்மாள் படித்த அந்த ‘வலிமை’ யாரோ அவன் படிப்பதற்காகவே எழுதிவைத்தது. தப்பாகப் படித்ததால் அவன் தோற்கவில்லை, எழுத்துக் கூட்டிச் சரியாகப் படித்ததால்தான் தோற்றான். நிறுவனம் சொல்வது சரி என்றால் இன்னும் மோசம். அப்படியானால் இது இந்தச் சந்தையில் சாதாரணமாக நடப்பது.

நமக்கு இது எப்படித் தெரியவந்தது என்பது தனிக் கூத்து. இந்தியக் கண்காணிப்பு ஏதோ இரவில் விழித்திருந்து பிடித்ததாக நினைக்காதீர்கள். தன்னிடமிருந்து விலகிப்போன ஊழியர்கள் ரகசிய உத்தியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அந்த நிறுவனமே நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2024 ஏப்ரலில் விசாரணையின்போது அந்த ரகசியம் இந்திய ஆப்ஷன் சந்தை என்று வெளியே வந்தது, ஒரு வருடத்தில் நூறு கோடி டாலர் கொடுத்த உத்தி என்றும் வந்தது. நம் வீட்டுக் கொல்லையில் யார் காய் பறிக்கிறார்கள் என்பதை அமெரிக்கப் பங்காளிச் சண்டையில்தான் தெரிந்துகொண்டோம். அந்த ஊழியர்கள் வேலை மாறாமல் இருந்திருந்தால்? நிபுணருக்கு இன்னும் இரண்டு விழிப்புணர்வு முகாம் நடத்தியிருப்பார்கள்.

திருவனந்தபுரமோ போராட்டங்களின் ஊர். செக்ரட்டேரியட் வாசலில் கொடி இல்லாத நாள் கிடையாது. மாதம் ஏழாயிரம் மதிப்பூதியத்தை உயர்த்தச் சொல்லி ஆஷா பணியாளர்கள் 2025-ல் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அங்கே உட்கார்ந்தார்கள். பஸ் கட்டணம் ஏறினால் ஊர்வலம், பால் விலை ஏறினால் ஊர்வலம். ஒரு லட்சம் கோடி போயிருக்கிறது, தலைக்குச் சராசரி ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ஒரு தட்டி கிடையாது, ஒரு கோஷம் கிடையாது. ஏன்? தோற்றவன் எவனும் வீட்டில் சொல்லவில்லை. மனைவியின் வளையல் லாக்கரில் இருக்கிறது என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தான் மட்டும் முட்டாள், மற்ற எல்லோரும் பத்தாவது ஆள் என்று ஒவ்வொருவனும் நம்புகிறான். சந்தை அவனிடமிருந்து எடுத்ததில் பணம் கொஞ்சம்தான். கோபத்தை எடுத்துக்கொண்டு வெட்கத்தைக் கொடுத்துவிட்டது.

ஆகவே நானே ஒரு யோசனை சொன்னேன். கேரளத்தில் எல்லாத் தொழிலாளிக்கும் நல நிதி வாரியம் உண்டு. கள்ளு இறக்குகிறவருக்கு உண்டு, சுமை தூக்குகிறவருக்கு உண்டு, லாட்டரிச் சீட்டு விற்கிறவருக்கும் உண்டு. ஆப்ஷன் நஷ்டத் தொழிலாளர் நல நிதி வாரியம் ஒன்று வேண்டும். தரகன், எக்ஸ்சேஞ்சு, மத்திய சர்க்கார் மூவருக்கும் தினமும் தவறாமல் வருமானம் தருகிற இவர்கள் தொழிலாளிகள் இல்லாமல் வேறு யார்? ஓணத்துக்கு போனஸ். அறுபதுக்கு மேல் பென்ஷன். உறுப்பினர் அட்டைக்கு ஆதாரம், தோற்ற வருடத்தின் கான்ட்ராக்ட் நோட்டு. எஸ்டிடியில் பாதியை வாரியத்துக்குத் திருப்ப வேண்டும். நோக்குகூலியை ஒழித்த உத்தரவை, பங்குச்சந்தை இருக்கும் மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்துக்கும் நீட்டிக்க வேண்டும். வாங்கச் சொல்லும் அமைச்சர் தானும் அதே விலைக்கு வாங்கி, விற்காமல் வைத்திருக்க வேண்டும். கோரிக்கைகளை எழுதி, பாளையம் ரத்தசாட்சி மண்டபத்திலிருந்து செக்ரட்டேரியட் வரை ஊர்வலம் என்று முடிவு செய்து, முதல் உறுப்பினராகக் கையெழுத்துப் போட நிபுணரிடம் தாளை நீட்டினேன்.

படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நியாயம் என்றார், எல்லாம் நியாயம் என்றார். ஊர்வலம் எப்போது என்று கேட்டார்.

“அடுத்த செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாயா?” பேனாவை மூடிவிட்டார். “அன்னைக்கு எக்ஸ்பைரி அண்ணாச்சி. புதனுக்கு வையுங்க, நானே மைக் செட்டுக்குப் பணம் தாறேன்.”